குடுவைக்குள் எதைப் போடுவது?

கூரையோரத்தில் மழைநீர் ஓடும் ஈயக் கால்வாயில் படிந்து, வெயிலில் வறண்டு, தொட்டால் பொடியாக உதிரும் வண்டல் அது. 1702-இல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆண்டனி வான் லீவன்ஹூக் அதில் ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் போட்டுத் தண்ணீர் விட்டார். தாமே தேய்த்து உருவாக்கிய லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்துக்குள் அந்தத் தூசியில் சில துகள்கள் உப்பின, நீண்டன, தலைப்பக்கத்து மயிரிழைகள் இரட்டைச் சக்கரம்போலச் சுழல நீந்தத் தொடங்கின. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த வண்டலிலும் அதே கதைதான். இன்று அவற்றை ரோட்டிஃபர் என்கிறோம்.

நீந்தும் ரோட்டிஃபருக்கு உயிர் உண்டு, அதில் தகராறு இல்லை. காய்ந்து கிடந்த அந்த மாதங்களில் அது உயிரோடு இருந்ததா?

பள்ளிப் பாடப்புத்தகத்தில் உயிருள்ளவற்றுக்கு ஒரு பட்டியல் இருக்கும்: உண்ணும், சுவாசிக்கும், வளரும், நகரும், தூண்டினால் துலங்கும், கழிவை வெளியேற்றும், இனம் பெருக்கும். பரீட்சைக்கு அது போதும். காய்ந்த ரோட்டிஃபர் இந்த ஏழில் ஒன்றைக்கூடச் செய்வதாகத் தெரியாது. எரியும் சுடரோ மெழுகைத் தின்கிறது, ஆக்சிஜனை இழுக்கிறது, கரியைக் கக்குகிறது, பக்கத்துத் திரிக்குத் தாவி இன்னொரு சுடரைப் பெறுகிறது. கோவேறு கழுதை குட்டி போடாது. அதனால் அதற்கு உயிரில்லை என்று நினைப்பவர்கள் அதன் பின்னங்கால் பக்கம் நின்று பார்க்கலாம்.

பாரிஸில் இது பஞ்சாயத்துக்கே வந்தது. காய்ந்த ரோட்டிஃபர்கள் மீண்டும் எழுவது உண்மையா, கண்கட்டா என்று விசாரிக்க 1859-இல் அங்குள்ள உயிரியல் கழகம் ஒரு குழுவை அமைத்தது. பின்னாளில் மூளையின் பேச்சுப் பகுதிக்குத் தன் பெயரைத் தந்த பால் புரோக்காதான் குழுவின் அறிக்கையை எழுதினார். ரோட்டிஃபர்கள் இருந்த பாசியை வெற்றிடத்தில் வைத்து உலர்த்தி, பிறகு 100 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்தார்கள். தண்ணீர் விட்டதும் சில எழுந்து நீந்தின. எதிர்த்தரப்பில் நின்றவர் ரூவான் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஃபெலிக்ஸ் பூஷே. செத்தது செத்ததுதான், காய்ந்தது பிழைக்காது என்று அவர் கடைசிவரை சாதித்தார். வேடிக்கை என்னவென்றால், உயிரற்ற வைக்கோல் கஷாயத்திலிருந்து உயிர்கள் தாமே உண்டாகும் என்று அதே 1859-இல் ஒரு தடித்த புத்தகம் வெளியிட்டவரும் இவரேதான்.

பூஷேயைக் கேலி செய்வது எளிது. ஆனால் அவர் முரண்படவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவருக்கு உயிர் என்பது பொருளில் குடியேறும் ஒரு சக்தி. போனால் போனதுதான். புதிதாக வந்து குடியேறவும் அதனால் முடியும். இப்படி நம்பும் ஒருவருக்கு அவருடைய இரண்டு முடிவுகளும் இயல்பானவையே. உயிரின் தோற்றத்தைச் சோதிக்கக் கிளம்பிய எல்லோருக்கும் இது பொருந்தும். குடுவைக்குள் எதைப் போடுவது என்று தீர்மானிக்கும்போதே உயிர் என்றால் இன்னது என்றும் அவர்கள் தீர்மானித்துவிடுகிறார்கள், பெரும்பாலும் தமக்கே தெரியாமல்.

உயிர் தானாகத் தோன்றுமா என்ற தகராறு பூஷேக்கும் முந்தியது. 1668-இல் ஃபிரான்செஸ்கோ ரெடி இறைச்சி ஜாடியின் வாயில் மெல்லிய துணி கட்டி, ஈ உட்காராத இறைச்சியில் புழு வைக்காது என்று காட்டினார். புழுவின் கதை முடிந்தது. நுண்ணுயிர்களின் கதை முடியவில்லை. ஆட்டிறைச்சிச் சாற்றைச் சூடாக்கி மூடி வைத்த ஜான் நீடம் நுண்ணுயிர்கள் முளைத்ததைப் பார்த்தார். லாஸரோ ஸ்பல்லன்சானி அதே சாற்றைக் கண்ணாடியோடு உருக்கி அடைத்து நீண்ட நேரம் கொதிக்கவைத்தார். ஒன்றும் முளைக்கவில்லை. நீடம் அசரவில்லை. நீ கொதிக்கவைத்த கொடுமையில் சாற்றிலிருந்த உயிர்ச்சக்தியே அழிந்துபோயிற்று என்றார். உயிர்ச்சக்தி உண்டு என்று நம்புகிறவரிடம் மூடிய குடுவையைக் காட்டிப் பயனில்லை. குடுவை திறந்திருக்க வேண்டும், காற்று தாராளமாக வந்துபோக வேண்டும், அப்படியும் ஒன்றும் முளைக்கக் கூடாது.

லூயி பாஸ்டர் செய்தது அதைத்தான். குடுவையின் கழுத்தைத் தீயில் காட்டி இளக்கி, அன்னத்தின் கழுத்துபோல நீளமாக வளைத்து இழுத்தார். முனை திறந்தே இருந்தது. உள்ளே சர்க்கரை கலந்த ஈஸ்ட் சாறு. கொதிக்கவைத்து ஆறவிட்டால் காற்று உள்ளே போகும், தூசி மட்டும் வளைவின் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். சாறு மாதக்கணக்கில் தெளிவாகவே நின்றது. குடுவையைச் சாய்த்துச் சாறு அந்த வளைவைத் தொட்டுத் திரும்பும்படி செய்தால், ஓரிரு நாளில் கலங்கிவிடும். காற்று எல்லா இடத்திலும் ஒரே அளவு அழுக்காக இல்லை என்று காட்ட, 1860-இல் அடைத்த குடுவைகளைச் சுமந்துகொண்டு ஆல்ப்ஸ் மலையின் மேர் தெ கிளாஸ் பனியாற்றுக்குப் போனார். அங்கே திறந்து மூடிய இருபதில் கலங்கியது ஒன்றுதான்.

பூஷேயும் விடவில்லை. 1863-இல் இரு தோழர்களோடு பிரனீஸ் மலையில் பாஸ்டரைவிட உயரத்துக்கு ஏறிக் குடுவைகளைத் திறந்தார். எல்லாக் குடுவைகளிலும் உயிர்கள் முளைத்தன! பிரெஞ்சு அறிவியல் அகாதெமி இரு தரப்பையும் அழைத்து நேருக்கு நேர் சோதனை வைத்தது. அகாதெமி பாஸ்டர் பக்கம் சாய்ந்துவிட்டது என்று சொல்லி 1864-இல் பூஷே விலகிக்கொண்டார். விலகாமல் நின்றிருந்தால் பாஸ்டர் பாடு திண்டாட்டமாகியிருக்கும். பாஸ்டர் பயன்படுத்தியது ஈஸ்ட் சாறு, பூஷே பயன்படுத்தியது வைக்கோல் கஷாயம். வைக்கோலில் வாழும் ஒரு பாக்டீரியா, கெட்ட காலம் வந்தால் தடித்த ஓடு கட்டிக்கொண்டு வித்தாகச் சுருண்டுவிடும். அந்த வித்து கொதிநீரிலும் சாகாது. ஃபெர்டினாண்ட் கோன் இதை 1876-இல்தான் விளக்கினார். பூஷேயின் குடுவையில் முளைத்தவை பிழைத்துக் கிடந்த வித்துகள். காய்ந்த உயிர் மீண்டும் எழாது என்று வாதாடியவரைக் கடைசியில் உறங்கிக் கிடந்த ஓர் உயிரே ஏமாற்றியிருக்கிறது.

பாஸ்டரின் வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. இன்றைய காற்றில், இன்றைய குடுவையில், சில மாதங்களில் உயிர் தானாகத் தோன்றாது என்பதைத்தான் அவர் காட்டினார். உலகமோ, உயிர் எந்தக் காலத்திலும் தானாகத் தோன்றாது என்று அதைப் படித்துக்கொண்டது. உயிரிலிருந்தே உயிர் என்றால் முதல் உயிர் எதிலிருந்து வந்தது? கெல்வின் பிரபு விண்கல்லில் வந்திருக்கலாம் என்று சொல்லி, கேள்வியை வேறொரு கோளுக்கு மாற்றிவிட்டார். சார்ல்ஸ் டார்வின் அச்சில் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. 1871-இல் நண்பர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் மட்டும், அம்மோனியாவும் பாஸ்பேட்டும் கலந்த வெதுவெதுப்பான சிறு குட்டையில் ஒரு புரதம் உருவாகியிருந்தால் என்று கற்பனை செய்தார். குட்டையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே கடிதத்தின் அடுத்த எண்ணம்தான் எனக்குக் கூர்மையாகப் படுகிறது: அப்படி ஒரு பொருள் இன்று உருவானால் ஏற்கெனவே இருக்கும் உயிர்கள் அதை உடனே தின்றுவிடும், உயிர்களே இல்லாத அன்று அந்த ஆபத்து இல்லை. இந்த ஒரு குறிப்பில் பாஸ்டரின் குடுவைக்கும் பூமியின் தொடக்கத்துக்கும் இருந்த முரண் தீர்ந்துவிடுகிறது.

அந்தக் குறிப்பை யாரும் கையில் எடுக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. 1924-இல் மாஸ்கோவில் அலெக்சாண்டர் ஒபாரின் ஒரு சிறு நூலை வெளியிட்டார். 1929-இல் இங்கிலாந்தில் ஜே.பி.எஸ். ஹால்டேன், ஒபாரினை அறியாமலே, ஒரு கட்டுரை எழுதினார். ஆக்சிஜன் இல்லாத ஆதிப் பூமியில் மின்னலும் சூரியனின் புற ஊதாக் கதிரும் எளிய வாயுக்களைக் கூட்டிச் சேர்த்துக் கரிமச் சேர்மங்களாக்கின, கடல் மெல்ல ஒரு சூப்பாயிற்று என்பது இருவருக்கும் பொது. ஆக்சிஜன் இல்லாதது முக்கியம். இருந்திருந்தால் உருவானதெல்லாம் உருவான சூட்டோடு சிதைந்திருக்கும்.

அதற்குப் பிறகு இருவரும் பிரிகிறார்கள். ஒபாரினுக்கு உயிர் என்பது ஒரு சொட்டு. தன்னைச் சுற்றியுள்ளவற்றை உள்ளே இழுத்து, மாற்றி, வளர்ந்து, பிளக்கும் சொட்டு. கூழ்மத் துளிகளில் அவர் ஆயுளைக் கழித்தார். ஹால்டேனோ, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் அப்போதுதான் தெரியவந்த காலத்தில் எழுதியவர். அவருக்கு முதல் உயிர் என்பது தன்னைப் படியெடுக்கும் ஒரு பெரிய மூலக்கூறு. 1935-இல் வெண்டெல் ஸ்டான்லி புகையிலைத் தேமல் வைரஸைப் படிகமாக்கிக் காட்டியபோது, உப்புபோல் சீசாவில் போட்டு வைக்கக்கூடிய ஒன்று இலையில் தடவினால் பெருகுவதைப் பார்த்து உயிரியலாளர்கள் திகைத்தார்கள். ஹால்டேனுக்கு அது அவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது. அவர் 1957-இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேஸ்வரத்தில் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டு ஃபுளோரிடாவில் நடந்த ஒரு மாநாட்டில்தான் ஒபாரினை முதன்முதலாகச் சந்தித்தார். முதலில் சொன்னவர் ஒபாரின்தான் என்று அங்கே தயங்காமல் ஒப்புக்கொண்டார்.

சூப்பை யாராவது காய்ச்சிப் பார்க்க வேண்டுமே! 1952 இலையுதிர் காலத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் 22 வயது ஆய்வு மாணவர் ஸ்டான்லி மில்லர், தன் வழிகாட்டி ஹெரால்ட் யூரேயிடம் அந்த அனுமதியைக் கேட்டார். கனநீரியத்தைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற யூரே தயங்கினார். பலனில்லாமல் போனால் பையனின் பட்டம் போய்விடுமே என்ற கவலை. குறுகிய காலக்கெடு கொடுத்துச் சம்மதித்தார்.

கருவி எளியது. கீழே ஒரு குடுவையில் தண்ணீர் கொதிக்கும், அது கடல். ஆவி மேலே இன்னொரு குடுவைக்கு ஏறும். அங்கே மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், அதுதான் வானம். இரண்டு மின்முனைகளுக்கு இடையே ஓயாமல் பொறி பறக்கும், அது மின்னல். குளிர்விப்பானில் ஆவி மழையாகிக் கீழே திரும்பும். ஒரே நாளில் தண்ணீர் இளஞ்சிவப்பாயிற்று. ஒரு வாரத்தில் கருஞ்சிவப்பாகிக் கலங்கிற்று. மில்லர் பொறியை நிறுத்தி, குடுவையைத் திறந்ததும் முதல் காரியமாக மெர்குரிக் குளோரைடு என்ற நஞ்சைக் கொஞ்சம் ஊற்றினார். பாஸ்டர் கற்றுக்கொடுத்த பாடம்! வெளியிலிருந்து ஒரு பாக்டீரியா நுழைந்து பெருகிவிட்டால் எது மின்னலின் வேலை, எது பாக்டீரியாவின் வேலை என்று தெரியாமல் போகும். பிறகு சாற்றின் துளியை வடிதாளில் ஏறவிட்டு நின்ஹைட்ரின் தெளித்தார். குற்றப்பிரிவில் கைரேகை எடுக்கப் பயன்படும் அதே பொருள்தான், அமினோ அமிலம் பட்டால் ஊதா நிறம் காட்டும். தாளில் ஊதாப் புள்ளிகள் தெரிந்தன. கிளைசின் உறுதி, அலனின் உறுதி, இன்னும் சில மங்கலாக.

கட்டுரையில் தன் பெயர் வேண்டாம் என்று யூரே சொல்லிவிட்டார். பெயர் இருந்தால் பெருமை முழுக்கத் தனக்கே வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். வழிகாட்டிகள் பலர் இதை ஒரு முறை படிக்கலாம். 1953 மே 15 அன்று ‘சயன்ஸ்’ இதழில் மில்லர் பெயரில் மட்டும் கட்டுரை வந்தது. மூன்று வாரத்துக்கு முன்புதான் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை வெளியிட்டிருந்தார்கள். மில்லர் 2007-இல் மறைந்த பிறகு, அவர் பத்திரப்படுத்தியிருந்த பழைய சீசாக்களை மாணவர் ஜெஃப்ரி பேடா புதிய கருவிகளில் ஆராய்ந்தார். எரிமலை ஆவியைப்போல நீராவியைப் பீய்ச்சி நடத்திய ஒரு சோதனையின் எச்சத்தில் மட்டும் 22 அமினோ அமிலங்கள் இருந்தன. வடிதாளுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்.

ஆதி வானில் மீத்தேனும் அம்மோனியாவும் அவ்வளவு இருந்திருக்காது, கார்பன் டைஆக்சைடும் நைட்ரஜனும்தான் மிகுதி என்று பிறகு புவியியலாளர்கள் சொன்னார்கள். அந்தக் கலவையில் பொறி பறக்கவிட்டால் விளைச்சல் மிகக் குறைவு. நியாயமான அடிதான். ஆனால் சரக்கு வேறு வழியிலும் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் ஒரு கரிம விண்கல் சிதறி விழுந்தது. அதில் அமினோ அமிலங்கள் இருப்பதைக் காட்டிய நாசா குழுவில் முக்கியமானவர் சிரில் பொன்னம்பெரும. இலங்கையின் காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து, பிறகு வேதியியலுக்கு மாறியவர். அந்த அமிலங்கள் யாரோ கைபட்டதால் ஒட்டியவை அல்ல என்று எப்படித் தெரியும்? அமினோ அமிலங்களுக்கு இடக்கை, வலக்கை என இரண்டு வடிவங்கள் உண்டு. பூமியின் உயிர்கள் தம் புரதங்களைக் கட்ட இடக்கை வடிவத்தையே எடுக்கின்றன. மர்ச்சிசனில் இரண்டும் ஏறத்தாழச் சரிபாதி. 2023-இல் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பென்னு சிறுகோளிலிருந்து அள்ளி வந்த மண், பூமியின் காற்றே படாதது. அதிலும் நம் புரதங்களில் இருக்கும் 20 அமினோ அமிலங்களில் 14-ம், டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டுக்கும் வேண்டிய ஐந்து காரங்களும் இருந்தன. இடம், வலம் இங்கும் ஏறத்தாழச் சமம்.

ஆக, சரக்குக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் ஒழுங்குக்குத்தான். இன்றைய செல்லில் புரதம் கட்டும் குறிப்பு டி.என்.ஏ.வில் இருக்கிறது. அந்த டி.என்.ஏ.வைப் படிக்கவும் படியெடுக்கவும் புரதம் வேண்டும். பெட்டியைத் திறக்கும் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதுபோல. இந்தப் பூட்டைத் திறந்தது, இதைத் தேடியே போகாத ஒருவர். 1980-களின் தொடக்கத்தில் கொலராடோவில் தாமஸ் செக், குட்டைநீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரியின் ஆர்.என்.ஏ. தன் நடுத்துண்டை எப்படி வெட்டி எறிகிறது என்று ஆராய்ந்தார். வெட்டும் நொதியைப் பிரித்தெடுக்க வேண்டும் என்பது திட்டம். நொதியைச் சேர்க்காத குழாயிலும் வெட்டு நடந்தது. எங்கோ ஒரு புரதம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எண்ணிக் கழுவிக் கழுவிப் பார்த்தார்கள். கடைசியில் டெட்ராஹைமினாவின் புரதமே படாத ஆர்.என்.ஏ.வைத் தனியாக உருவாக்கிப் பார்த்தார்கள். அதுவும் தன்னைத் தானே வெட்டிக்கொண்டது. குறிப்பும் அதுவே, கருவியும் அதுவே. சிட்னி ஆல்ட்மனும் வேறொரு ஆர்.என்.ஏ.வில் இதே திறனைக் கண்டார். 1989-இல் இருவருக்கும் நோபல்.

இதைவிட வலுவான சாட்சி நம் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. புரதம் கட்டும் இயந்திரமான ரைபோசோமின் அணு வடிவம் 2000-இல் வெளியானது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் அதன் சிறிய பாதியையும், தாமஸ் ஸ்டைட்ஸ் குழு பெரிய பாதியையும் துல்லியமாக வரைந்தார்கள். அடா யோனத்தும் சேர்ந்து 2009-இல் மூவருக்கும் நோபல் கிடைத்தது. பெரிய பாதியில், அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோக்கப்படும் அந்த இடத்தில், புரதமே இல்லை. சுற்றிலும் ஆர்.என்.ஏ. மட்டுமே. புரதங்களைக் கட்டுவது புரதம் அல்ல!

ஹால்டேன் கட்சி ஜெயித்துவிட்டது என்று இங்கே முடித்துவிடலாம்தான். ஒபாரினின் பேரப்பிள்ளைகள் விடமாட்டார்கள். படியெடுக்கும் மூலக்கூறு சரி, அதற்கு ஓயாமல் ஆற்றல் ஊட்டியது யார் என்று கேட்கிறார்கள். 2000-இல் அட்லாண்டிக்கின் அடியில் ‘லாஸ்ட் சிட்டி’ என்ற வெந்நீர் ஊற்றுத் தொகுதி கண்டுபிடிக்கப்பட்டது. கொதிக்கும் புகைக் குழாய்கள் அல்ல, மிதமான சூட்டில் காரத்தன்மையுள்ள நீர் கசியும் வெள்ளைச் சுண்ணக் கோபுரங்கள். ஆதிக் கடல் சற்று அமிலமாக இருந்திருந்தால், இப்படிப்பட்ட கோபுரத்தின் மெல்லிய சுவருக்கு இருபுறமும் புரோட்டான் அளவு வேறுபட்டிருக்கும். நம் மைட்டோகாண்ட்ரியா இன்றும் ஆற்றல் எடுப்பது இதே வேறுபாட்டிலிருந்துதான். மைக்கேல் ரசல், வில்லியம் மார்ட்டின், நிக் லேன் ஆகியோர் இந்தக் கட்சி. எதிர்க்கட்சி சொல்வதும் தள்ளக்கூடியதல்ல: தண்ணீர் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும், கடலடியில் தண்ணீருக்கா குறைச்சல்? நனைந்து காயும் குட்டையில்தான் மூலக்கூறுகள் நெருங்கிக் கோத்துக்கொள்ளும் என்கிறார் டேவிட் டீமர். ஜான் சதர்லாந்து 2009-இல் எளிய சேர்மங்களும் பாஸ்பேட்டும் கொண்டு, புற ஊதாக் கதிரின் உதவியோடு, ஆர்.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் இரண்டை உருவாக்கிக் காட்டினார். கடலா குட்டையா என்ற சண்டையின் அடியில் இருப்பது பழைய சண்டைதான். உயிர் என்பது முதலில் ஓர் எரிப்பா, ஒரு படியா?

எதிர்முனையிலிருந்து வந்தவர்களும் உண்டு. கிரெய்க் வென்டர் குழு, உயிருள்ள பாக்டீரியாவின் மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தது. இதற்குமேல் கழித்தால் வாழாது என்ற அளவில் 2016-இல் நின்றபோது மிஞ்சியவை 473. அவற்றில் 149 என்ன வேலை செய்கின்றன என்று அப்போது அவர்களுக்கே தெரியவில்லை. உயிருக்கு இன்றியமையாதது என்று நாமே தேர்ந்தெடுத்த பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு புதிர்!

1990-களில் நாசா கூட்டிய குழு ஒன்று, தன்னைத் தானே நடத்திக்கொண்டு டார்வினியப் பரிணாமம் அடையக்கூடிய வேதி அமைப்பே உயிர் என்று வரையறுத்தது. எனக்குத் தெரிந்தவற்றில் இதுவே நேர்த்தியானது. கோவேறு கழுதைச் சிக்கலை, தனி உயிரைப் பார்க்காதே, பரம்பரையைப் பார் என்று தள்ளிவிடுகிறது. ஆனால் விண்கலத்தில் ஏற்றி அனுப்ப இது உதவாது. பரிணாமம் நடக்கும்வரை எந்தக் கருவி காத்திருக்கும்?

வரையறையைக் கருவியாக்கி அனுப்பிய ஒரு முயற்சி அதற்கு முன்பே நடந்திருக்கிறது. 1976-இல் செவ்வாயில் இறங்கிய இரண்டு வைக்கிங் கலங்களும் மண்ணை அள்ளி, கதிரியக்கக் கார்பன் கலந்த ஊட்டச் சாற்றைச் சொட்டுவிட்டன. உண்பது உயிர், உண்டால் கதிரியக்க வாயு வெளிவரும் என்பது கணக்கு. வாயு வந்தது. மண்ணை முன்கூட்டி 160 டிகிரிக்குச் சூடாக்கினால் வரவில்லை, செத்த மண் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் இரண்டாம் முறை சாறு விட்டபோது புதிதாக வாயு வரவில்லை. பக்கத்திலிருந்த இன்னொரு கருவி, செவ்வாய்க்கே உரிய கரிமச் சேர்மம் எதுவும் மண்ணில் இல்லை என்றது. உடல் இல்லாமல் உண்பது எது? 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்டபோது, உயிரில்லாமலே இந்த வேதிவினைகள் நடந்திருக்க வழி தெரிந்தது. சூடாக்கும்போது கரிமங்களை எரித்து மறைக்கவும் அந்த உப்பால் முடியும். சோதனையை வடிவமைத்த கில்பர்ட் லெவின் மட்டும், தான் கண்டது உயிரைத்தான் என்று 2021-இல் இறக்கும்வரை சொல்லிவந்தார்.

2024 அக்டோபர் 14 அன்று வியாழனின் நிலவான யூரோப்பாவை நோக்கிக் கிளம்பிய ‘யூரோப்பா கிளிப்பர்’ 2030-இல் போய்ச் சேரும். அதில் உயிரைத் தேடும் கருவி என்று ஒன்றை நாசா வைக்கவில்லை. பனிக்கு அடியில் கடல் உண்டா, அதில் உப்பு என்ன, கரிமம் என்ன, ஆற்றலுக்கு வழி உண்டா, மொத்தத்தில் அங்கே உயிர் வாழ முடியுமா என்பதை மட்டும் அது பார்க்கும்.